கூழைக்கடாக் கூட்டத்தின் பொதுப் பேச்சு

நூலில்லை, முடிச்சில்லை. ஆனாலும் ஏரி மீனை வளைத்துப் பிடிக்கும் வலை. அது என்ன வலை, சொல்லுங்கள் பார்ப்போம்?

கூழைக்கடாக்களின் வரிசைதான் அது. அவை அரைவட்டமாக நீந்தி, சிறகால் நீரை அடித்து, மீன்களைக் கரையோரம் ஒதுக்கும். தலைவி நெட்டலகி நடுவில் நின்று அலகைத் தாழ்த்திய பிறகே மற்றவை அலகை நீரில் விடும். அதுதான் வழக்கம்.

அந்தப் பருவத்தில் வலப்பக்கக் கோடியில் இருந்த கருந்தாடை, தினமும் முந்திக்கொண்டு அலகை விட்டது. அங்கே வரிசை உடைந்தது. மீன்களெல்லாம் அந்த இடைவெளி வழியே ஓடின. கூடுகளில் குஞ்சுகள் பசியால் கத்தின.

கருந்தாடை வயதில் மூத்தது. நெட்டலகிக்கு அண்ணன் முறை. கண்டிக்கத்தான் அதன் கிளைக்குப் போனாள். காற்றைப் பற்றிப் பேசினாள், தண்ணீர் வற்றுவதைப் பற்றிப் பேசினாள், சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் கூட்டத்தைக் கூட்டினாள்.

"நம்மில் சிலர் வரிசையைக் குலைக்கிறார்கள். யாரென்று அவரவருக்கே தெரியும்" என்றாள்.

முதலில் தலையாட்டியது கருந்தாடைதான்.

"நன்றாகச் சொன்னாய், தங்கச்சி! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது?"

எல்லாக் கண்களும் அதன் பக்கத்தில் நின்ற தூவி மேல் திரும்பின. தூவி நெட்டலகியின் மகள். அந்தப் பருவத்தில்தான் வரிசைக்கு வந்தவள். ஒரு நாளும் முந்தாதவள். அது நெட்டலகிக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் தூவி, தாய் அலகைத் தாழ்த்திய பிறகும் தயங்கி நின்றாள். வெறும் வயிற்றோடு கரையேறினாள். கேலி வேறு. ஒரு காலையில் அவள் பக்கத்து ஏரிக் கூட்டத்தோடு போய்விட்டாள். வரிசை அப்போதும் அதே இடத்தில்தான் உடைந்தது.

நெட்டலகி கூசிப்போனாள். நேரே கருந்தாடையிடம் சென்றாள்.

"அண்ணே, முந்துவது நீங்கள்தான்."

கருந்தாடை தன் இடக்கண்ணை அவள் பக்கம் திருப்பிக் காட்டியது.

"இடக்கண் மங்கிவிட்டது, தங்கச்சி. நீ அலகைத் தாழ்த்துவது தெரிவதில்லை. ஒரு குத்துமதிப்பில் விடுகிறேன். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, நானும் பழியைப் பிள்ளை மேல் தள்ளிவிட்டேன்."

நெட்டலகி கருந்தாடையை இடப்பக்கக் கோடிக்கு மாற்றினாள். அங்கிருந்து வலக்கண்ணால் அவளைப் பார்க்க முடிந்தது. வரிசை உடையாமல் நின்றது. குஞ்சுகள் வயிறார உண்டன.

பிறகு நெட்டலகி பக்கத்து ஏரிக்குப் பறந்தாள். அந்தக் கூட்டத்தின் முன்னிலையிலேயே மகளிடம் மன்னிப்புக் கேட்டாள், வீட்டுக்கு வரச்சொன்னாள்.

"மன்னித்துவிட்டேன், அம்மா. ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்தபோது நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்" என்றாள் தூவி.

அவள் அந்த ஏரியிலேயே இருந்துகொண்டாள்.

ஒருவரிடம் நேரில் சொல்ல வேண்டியதை ஊருக்குப் பொதுவாகச் சொன்னால், குற்றம் இருந்த இடத்திலேயே இருக்கும். தண்டனை குற்றமற்றவரைச் சேரும்.