ஒரு வெற்றிலை நேரம்

கருவைநல்லூர் ராஜா குடிகளின் விண்ணப்பத்தை ஒரு வெற்றிலை நேரம் கேட்பார். அவர் வெற்றிலையை வாயில் போட்டதும் ஓலையை வாசிக்கத் தொடங்கலாம். சக்கையைக் காளாஞ்சியில் துப்பிவிட்டால் தீர்ந்தது, அடுத்த ஆள். மறுபடி வர வேண்டுமானால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அப்போதும் முதலிலிருந்துதான் வாசிக்க வேண்டும்.

முதலில் வருவது ராஜாவின் பரம்பரைப் புகழ். முப்பத்தெட்டு வரி.

கீழத்தெருப் பூவாயி இரண்டு முறை வந்து போயிருந்தாள். முதல் முறை, ராஜாவின் கொள்ளுத்தாத்தா கடலோரக் கோட்டையை முற்றுகையிட்ட இடத்தில் ஓலை நின்றது. இரண்டாம் முறை வாசித்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கோட்டை விழுந்தது. ஆனால் தாத்தா பட்டம் கட்டிக்கொள்வதற்குள் காளாஞ்சியில் சத்தம் கேட்டுவிட்டது.

அவள் தெருவுக்குச் சற்று மேலே ஆற்றில் அரண்மனை யானைகள் பதினொன்று குளிக்கின்றன என்ற சேதி ராஜாவின் காதுக்குப் போகவே இல்லை. குடத்தை முக்கினால் தண்ணீரோடு யானை லத்தியும் வந்தது. அந்தக் கோடையில் தெருவில் நான்கு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். அதில் ஒருத்தி பூவாயியின் மகள். இன்னொரு ஆறு மாதம் அவளால் பொறுக்க முடியாது.

இந்த முறை ஓலைநாயகம் கச்சபேசரிடம் நேராகப் போய் நின்றாள். விண்ணப்பங்களைச் சரிபார்த்துச் சபைக்கு அனுப்புகிறவர் அவர்.

"புகழைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா சாமி? ராஜாவோட அப்பாகிட்ட இருந்து ஆரம்பிச்சாப் போதாதா?"

கச்சபேசர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ராஜாவின் புகழில் ஒரு சொல்லை எடுத்தால் நாடு கடத்துவார்கள். புகழைப் பொய் என்றாலும் நாடு கடத்துவார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவனே நான்தான். வேண்டுமானால் கூட்டிக்கொள். அதற்குத் தடையில்லை."

யானைகள் குளிக்கும் துறையை ஒட்டி அவருடைய வாழைத்தோட்டம் இருந்தது. எருவுக்கு அவர் எங்கும் அலைய வேண்டியதில்லை.

பூவாயி வெளியே வந்தாள். வாசல் தூணில் சாய்ந்து ஆவுடையப்பன் பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது அவன் உத்தியோகம்.

"என்ன ஆத்தா, மூன்றாவது முறையா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஓலையை வாங்கிப் படித்தான்.

"முன்னுரை சரியில்லை."

"அது ராஜாவோட புகழ் சாமி. அதைப் போய் அப்படிச் சொல்லலாமா?"

"புகழ் பிரமாதம். ஆனால் எல்லாம் செத்துப்போனவர்களுடையது. இவரைப் பற்றி ஒரு வார்த்தை வருவதற்குள் வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. அது போகட்டும். நீ கேட்டதை ராஜா ஒத்துக்கொண்டால் என்ன செய்வார்?"

"யானைத்துறையை ஊருக்குக் கீழ மாத்துவாரு. தாழைமேட்டுக்கிட்ட இடம் கிடக்கு. நாங்க மேல நல்ல தண்ணி மொண்டுக்குவோம்."

அவன் புது ஓலை ஒன்றில் நான்கு வரி கீறிப் புகழுக்கு முன்னால் சேர்த்தான். அவள் கோரிக்கை இருந்த கடைசி ஓலையை உருவி அவளிடமே நீட்டினான்.

"இதை மடியில் வைத்துக்கொள். தேவைப்படாது."

"குறைக்கச் சொன்னாக் கூட்டுறீங்க. கேட்க வந்ததைக் கையில குடுக்கறீங்க. என்னைக் கேலி பண்றீங்களா சாமி?"

"கூட்டலாம் என்று ஓலைநாயகமே சொன்னாரே."

கச்சபேசர் விரல் வைத்து எண்ணினார். முப்பத்தெட்டு வரியும் இருந்தது. மேலே நான்கு வரி அதிகமாகவே இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. புகழ் நீண்டிருக்கிறது, அது போதும் அவருக்கு. முத்திரை வைத்து அனுப்பினார்.

சபையில் பூவாயி ஓரமாக நிற்க, ராஜா வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். ஆவுடையப்பன் எழுந்து வாசித்தான்.

"யானைத்துறையை ஊருக்குக் கீழே தாழைமேட்டுக்கு மாற்றியவரே. மேலே குடிகளுக்கு நல்ல தண்ணீர் கொடுத்தவரே. கீழத்தெருப் பிள்ளைகளின் நோயைத் தீர்த்தவரே. பட்டத்து யானையைவிடக் குடிகளின் குடத்தைப் பெரிதாக மதித்தவரே."

ராஜாவின் தாடை நின்றது. இருபது வருஷமாக அவர் அதே முப்பத்தெட்டு வரியைத்தான் கேட்டுவந்தார்.

"இதையெல்லாம் நான் எப்போது செய்தேன்?"

"எனக்குத் தேதி தெரியாது மகாராஜா. சரிபார்த்து முத்திரை வைத்தவர் ஓலைநாயகம்."

ராஜா திரும்பினார். "கச்சபேசரே, இது உண்மைதானா?"

கச்சபேசர் பாதி எழுந்தார். பொய் என்று சொல்ல அவர் வாய் திறந்தது. கண் வாசலில் நின்ற வேல்காரர்களிடம் போனது. அங்கிருந்து எல்லை ஒன்பது காதம்.

"உண்மைதான் மகாராஜா."

"நல்ல காரியம். எனக்கே மறந்துவிட்டது பாருங்கள். சாயங்காலம் தாழைமேட்டுக்குப் போய் யானைகள் குளிப்பதைப் பார்த்துவிட்டு வரலாம்."

"மகாராஜா, எனக்கு லேசாகத் தலை சுற்றுகிறது. உத்தரவு கொடுத்தால்..."

கொடுத்தார். கச்சபேசர் வாசல்வரை நடந்தார். அதற்குப் பிறகு ஓடினார். சற்று நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. "பதினொன்றையும் கிளப்புங்கடா. கீழே. இன்னும் கீழே."

அந்தச் சத்தம் அடங்கும்வரை ராஜா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"சரி, புகழ் போகட்டும். இந்த அம்மாள் கேட்க வந்தது என்ன?"

"முன்னுரையிலேயே முடிந்துவிட்டது மகாராஜா."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலைச் சாறு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பணிப்பெண் காளாஞ்சியை நீட்டினாள். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டார்.

"வெற்றிலை இன்னும் பாதி இருக்கிறது. சொல், நான் வேறு என்னவெல்லாம் செய்திருக்கிறேன்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். அதற்குள் பூவாயி ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள்.

"எங்க துறைக்கு அஞ்சு படி கட்டிக் குடுத்தீங்க மகாராஜா," என்றாள். "கருங்கல்லுல."