தளவாய் தலையும் துளை போட்ட மட்டையும்

முன்பொரு காலத்தில் பந்தாட்டப் பித்துப் பிடித்த ஓர் அரசர் இருந்தார். பெயர் குலதீபர். அரண்மனைக்குப் பின்னால் நாலு பக்கமும் மதில் எழுப்பி, அதில் பட்டுத் திரும்பும் பந்தை மட்டையால் அடித்து ஆடுவார். பந்து மதிலைத் தாண்டினால் தோல்வி.

பொழுதுபோக்காக இருந்தவரை யாருக்கும் கவலையில்லை. ஒருநாள் பக்கத்து நாட்டு மன்னரிடம், "நான் தோற்றால் எல்லை ஏரி உமக்கு" என்று வீறாப்பாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஏரித் தண்ணீரில்தான் பாதி நாட்டுக்குச் சோறு.

ஆட்டத்துக்கு முதல் நாள், படைத்தலைவரான தளவாய் வல்லபராயர் கொடுத்த மட்டையோடு அரசர் பழகினார். புளியங்கட்டை, சுற்றிலும் இரும்புப் பூண். அடித்த பந்தெல்லாம் வெளியே பறந்தது. குதிரை லாயத்து ஓடுகள் நொறுங்கின. அரசரின் தோளும் வீங்கியது.

விகடகவி ஏகப்பனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தான் செய்வித்த மட்டையை நீட்டினான். குமிழ மரம், வட்டத் தலை, கனம் குறைய முகமெங்கும் துளைகள்.

"பிரபு, இது கைக்கு அடங்கும். பந்து நினைத்த இடத்துக்குப் போகும்."

"மட்டையா, சல்லடையா?" என்றார் தளவாய். "ஏரியைத் தாரை வார்க்க எதிரியிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டான் போலிருக்கிறது!"

சுற்றி நின்ற சபையோர் ஓரடி பின்வாங்கினார்கள். தோள்வலி அரசரின் கோபத்தை இன்னும் கிளறியது.

"ஏகப்பா! ஆயுதம் அறிந்தவர் தளவாய். 'இந்த மட்டைதான் வேண்டும்' என்று அவர் வாயாலேயே சொல்ல வை. பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் உன் தலை உனக்கில்லை."

தளவாய் உதட்டை இறுக மூடிக்கொண்டு புன்னகைத்தார். மதில் நிழல் ஆடுகளத்தில் நீண்டுகொண்டே வந்தது. கெஞ்சினாலும் வாதாடினாலும் அந்த வாய் திறக்காது என்பது ஏகப்பனுக்குத் தெரியும். அரசருக்குப் பானகம் வந்த தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. அதை எடுத்தான்.

"பிரபு, நாளைக்குக் குறி பழக வேண்டாமா? தளவாய் மதிலோரம் நிற்கட்டும். தலைப்பாகை மேல் இந்தப் பழம். பழம் மட்டும் விழ வேண்டும். அவர் அஞ்சாத வீரராயிற்றே!"

அத்தனை பேர் முன்னிலையில் மறுக்க முடியுமா? தளவாய் போய் நின்றார். ஏகப்பன் இரண்டு மட்டைகளையும் அரசர் காலடியில் வைத்தான்.

"மன்னர் எதனால் அடிக்க வேண்டும் என்று தாங்களே சொல்லிவிடுங்கள், தளவாய் அவர்களே."

தளவாய் உதட்டை இன்னும் இறுக்கினார். அரசர் இரும்புப் பூண் மட்டையை எடுத்து ஒருமுறை வீசிப் பார்த்தார். காற்று உறுமியது. தளவாய் லாயத்து ஓடுகளைப் பார்த்தார். வியர்வை மீசையில் வழிந்தது. அரசர் பந்தைத் தூக்கிப் போடக் கையை உயர்த்தினார்.

"வேண்டாம் பிரபு! இந்த... இந்த மட்டைதான் வேண்டும்!"

"எந்த மட்டை?" என்று கேட்டார் அரசர்.

"துளை போட்டது! ஏகப்பனுடையது!"

ஏகப்பன் அப்போதுதான் மூச்சு விட்டான். அரசர் மட்டையை மாற்றி ஒரே அடி அடித்தார். பழம் மட்டும் உருண்டது. தலைப்பாகை அசையவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் அரசர் அடித்த ஒரு பந்தும் மதில் தாண்டவில்லை. ஏரி நாட்டோடே நின்றது.

"தலை தப்பியதே ஏகப்பா, அதற்குமேல் பரிசு வேறு வேண்டுமா?" என்றார் அரசர்.

"அது பிறந்ததிலிருந்தே என்னுடையதுதானே, பிரபு! புதிதாக ஏதாவது கொடுங்கள்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குமுன்பே தம் முத்துமாலையைக் கழற்றி ஏகப்பன் கழுத்தில் போட்டார்.