மாமாவுக்குக் காட்டிய ஜாடை

காக்காய்ப்பட்டியில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் வீரணன், இரண்டாமவன் சடையன், கடைக்குட்டி கொப்பையா. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை கொஞ்சம் குறைச்சல். மரியாதைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

ஒருநாள் அவர்களுடைய தாய்மாமன் ஒச்சப்பன் வந்து இறங்கினார். தாய்மாமன் வந்தால் கோழி அடிக்காமல் முடியுமா? அடித்தார்கள். மறுநாளும் மாமா இருந்தார், மறுநாளும் அடித்தார்கள். இப்படியே போய், கொப்பையா குஞ்சிலிருந்து வளர்த்த கருங்கோழி ஒன்றுதான் மிச்சம். "அது என்ன எடை இருக்கும்?" என்று மாமா விசாரித்ததிலிருந்து கொப்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

மாமாவைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம் போய் யோசனை கேட்டார்கள்.

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதுப்பா, ஜாடையாக் காட்டணும்" என்றாள் அவள். "காலையில பையக் கட்டி வாசல்ல வைங்க. தட்டுல வெத்தல பாக்கு வைங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பேச்சுவாக்குல சொல்லுங்க. அவரே புரிஞ்சுக்குவாரு."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சடையனுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. மாமாவின் பையை நாம் தொடலாமா என்று கேட்டான்.

வீரணன் வெகுநேரம் யோசித்தான். "பெரியவங்க பையில கை வைக்கிறது மரியாதை இல்லடா. நம்ம பையவே கட்டுவோம்."

ஆளுக்கொரு பை கட்டி வாசலில் வைத்தார்கள். கொப்பையா மட்டும் துணிமணியை எடுத்துவிட்டுத் தன் கோழியை உள்ளே வைத்தான்.

மாமா எழுந்து வந்து பார்த்தார். மூன்று பை, வெற்றிலைத் தட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்ற பேச்சு. கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. அது தெரிந்தவர் என்பதால் அவர் கேட்கவில்லை. தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார், நெற்றியில் திருநீறு பூசினார், கனமான பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தார். தங்கமான மனுஷர்.

பஸ்ஸும் வந்தது.

"ஏறணுமாண்ணே?" என்று சடையன் காதோடு கேட்டான்.

"மாமா இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்திருக்காரு. ஏறலைன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"

ஏறினார்கள். எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டார். அவர்களுக்குத் தெரிந்த வெளியூர் மாமாவின் ஊர் ஒன்றுதான். அதற்கே டிக்கெட் வாங்கினார்கள்.

அங்கே அத்தை வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். மருமகன்கள் வந்திருக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும்? உடனே மாமாவுக்குப் போன் போட்டாள். சாயங்கால பஸ்ஸில் மாமா வந்து சேர்ந்தார். அத்தை வளர்த்த கோழி ஒன்று குழம்பாகிக் கொதித்தது.

வயிறு நிறைந்ததும், ஊருக்குக் கிளம்பலாமா என்று சடையன் கேட்டான். வீரணன் பதறிப்போனான்.

"நாம கெளம்புனா மாமா வழியனுப்ப வருவாரு. வந்தவரு பஸ்ஸுல ஏறிட்டாருன்னா? நேரா நம்ம வீடுதான். அப்புறம் தம்பி கோழி என்னாகும்?"

அதுவும் நியாயம்தானே. மூன்று பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மாமா தெருமுனை தாண்டாமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அத்தையின் கூட்டில் இப்போது ஒற்றைச் சேவல்தான் நிற்கிறது. நேற்று கொப்பையா தன் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டே சொன்னானாம்:

"அங்கம்மாக்கா கெட்டிக்காரிதாண்ணே. ஒரே ஒரு ஜாடைதான் காட்டுனோம். அன்னைக்குப் போன மாமா, இன்னிக்கு வரைக்கும் நம்ம வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்கலை."