புகையிலை வாசம் ஏறிய தேயிலை

கோத்தகிரிக்குக் கீழே மலைச்சரிவில் ஒரு சின்ன மடம். அங்கே குரு உமையாள் அம்மைக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் அய்யலுசாமிக்கு அறுபத்து மூன்று. ஞானத்துக்கு வயசு வித்தியாசம் கிடையாது என்பார்கள். மூட்டு வலிக்கு உண்டு. அவர் மூச்சு வாங்க மேடேறி வந்த அன்று அம்மை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"புகை உண்டா, ஐயா?"

"விட்டுட்டேன் அம்மா."

விட்டது வாஸ்தவம்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பைப் புகைத்து அணைத்தார். அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நாற்பது வருஷம் புகையிலை வியாபாரம் பார்த்தவர். பைப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. முதல் நாள் பொய் பழக்க தோஷத்தில் வந்தது. மறுநாள் திருத்தியிருக்கலாம். ஆனால் மனைவி போன பிறகு எந்த வீட்டிலும் வராத தூக்கம் இந்த மடத்தில் வந்துவிட்டது. விடியும்வரை அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். உண்மையைச் சொல்லி, போய் வாருங்கள் என்று அம்மை சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகப் பிடித்தார்.

மடத்தில் தவம், பூசை எல்லாம் தேயிலைதான். எல்லோரும் சேர்ந்து கொழுந்து பறித்து, கையாலேயே உருட்டிக் காயவைத்து, வருஷத்துக்கு ஒரு பெட்டி நிரப்புவார்கள். ஆனி மாதக் குருபூசைக்குச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் வந்து ஆளுக்கொரு கோப்பை குடிப்பார்கள். அந்தப் பெட்டியும் அது இருந்த இலை அறையும் அய்யலுசாமியின் பொறுப்பில் இருந்தன.

சாரல் பிடித்துக்கொண்டது. பைப்பில் போடும் புகையிலைத் தூள் நமுத்துப்போயிற்று. மடத்திலேயே ஈரம் படாத இடம் தேயிலைப் பெட்டி ஒன்றுதான். பொட்டலத்தை அதற்குள் சொருகிவிட்டார். இலையோடு இலையாகக் கிடக்கட்டும், தேயிலை வாசத்தில் புகையிலை வாசம் அமுங்கிவிடும் என்று நினைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். புகையிலை, வாசத்தைக் கொடுக்கிற இலை. தேயிலை, அதை வாங்கிக்கொள்கிற இலை. கொடுக்கிற இலையோடு மட்டும் காலந்தள்ளிய மனுஷனுக்கு இது எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து, பூசைக்கு முந்தின நாள் காலை பெட்டியைத் திறந்தார். குப்பென்று அவருடைய பழைய கடை வாசம் அடித்தது.

அந்நேரம் பார்த்து வெளியிலிருந்து அம்மையின் குரல் வந்தது.

"ஐயா, புதுப் பெட்டியில ஒரு கோப்பை போட்டுக் கொண்டாங்க."

அய்யலுசாமி போன வருஷத்து டின்னைத் திறந்து அதில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மை ஒரு வாய் குடித்தார்.

"இது போன வருஷத்து இலை."

"ஆமாங்கம்மா."

"புதுசு என்னாச்சு?"

"மழைத்தண்ணி இறங்கி..." என்று ஆரம்பித்தார். அதோடு பொய்யை நிறுத்தினார்.

"மழையெல்லாம் இல்லீங்கம்மா. நான் இன்னும் புடிக்கிறேன். தூள் பொட்டலத்தைப் பெட்டிக்குள்ள வச்சுட்டேன். பெட்டி பூரா பாழாப்போச்சு."

"அதுல ஒரு கோப்பை கொண்டாங்க. பைப்பையும் எடுத்துட்டு வாங்க."

அடுப்பில் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்து வந்தார். அம்மை அந்தத் தேநீரில் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளிக்காமல்தான் விழுங்கினார். மீதியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க."

குடித்தார். "குமட்டுதுங்கம்மா."

"இப்ப பைப்பைப் பத்த வச்சுக்கிட்டுக் குடிங்க."

"இங்கேயா?"

"இங்கேதான்."

பற்றவைத்தார். ஒரு இழுப்பு. ஒரு வாய் தேநீர். இன்னொரு இழுப்பு. சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"நல்லா இருக்குங்கம்மா."

"இருக்கும். ரெண்டும் கடல் தாண்டிப் போன இலைதானே? சீமையில ரெண்டையும் மருந்துன்னு சொல்லித்தான் முதல்ல வித்தாங்களாம். தேத்தண்ணி ஊத்துற கடையிலேயே பைப்பும் கொடுப்பாங்களாம். ஒரு கையில கோப்பை, ஒரு கையில பைப். அன்னைக்கிலிருந்து அக்கம்பக்கம்தான்."

"ரெண்டுக்கும் தகராறே வந்ததில்லையா?"

"ஒரே பெட்டிக்குள்ள படுக்க வச்சதா நான் கேள்விப்படலை ஐயா."

அய்யலுசாமிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கினாற்போல் இருந்தது.

"இதை இனிமே எங்க வைக்கட்டும்மா?"

"எனக்குத் தெரியுற இடத்துல. இலை அறைக்கு மட்டும் வேற ஆளைப் போடுறேன்."

"நாளைக்கு ஜனம் வருமே?"

"போன வருஷத்து டின்னு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவங்க, பழசைக் குடிச்சாக் கோவிச்சுக்க மாட்டாங்க."

எல்லாம் கேட்டாயிற்று. ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்பதற்குமுன் பைப்பை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"பொய் சொன்னவன் நான். பூசை முடிஞ்சதும் கிளம்பிடட்டுமா அம்மா?"

அம்மை உள்ளே இலை அறைப் பக்கம் பார்த்தார்.

"அந்தப் பெட்டியில எவ்வளவு இருக்கு?"

"பன்னிரண்டு கிலோங்க."

"வேற யாரும் தொடமாட்டாங்க. பறிச்ச இலையைக் கொட்டவும் கூடாது. குடிச்சு முடிச்சுட்டுக் கிளம்புங்க."

அய்யலுசாமி வியாபாரி அல்லவா, விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு நாலு கோப்பை. மறுபடியும் போட்டுப் பார்த்தார். அதே விடைதான் வந்தது.

"அம்மா, தினம் நாலு கோப்பைன்னாலும் மூணு வருஷத்துக்கு மேல ஆகுமே?"

"அவசரமில்ல ஐயா. மெதுவாக் குடிங்க."