ஜமீன்தாரின் கடிதங்கள்

ஜமீன்தார் மருதப்பரின் மனைவி வடிவாம்பாள் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஒன்றரை வருஷமாகியும் திரும்பவில்லை. அவரும் போய்ப் பார்க்கவில்லை. "உன்னையும் பிள்ளையையும் நினைக்காத நாளில்லை" என்று வாராவாரம் உருக்கமாகக் கடிதம் எழுதுவார். கொண்டுபோவது வண்டிக்காரன் சுடலை.

ஒருநாள் கடிதத்தை நீட்டி, "இன்னைக்கு அவளோட வா. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை" என்றார்.

சுடலை தலையைச் சொறிந்தான். "கூட்டியாந்திரலாம் எஜமான். ஒரே ஒரு சங்கடம். வண்டி போய் நின்னதும் சின்னய்யா என்னைப் பார்த்து 'அப்பா'ன்னு கை நீட்டுறாரு. இங்க வந்தும் அப்படியே கூப்பிட்டா நான் என்ன செய்ய?"

ஜமீன்தார் நீட்டிய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அவரே வண்டியில் ஏறினார்.

வாசலில் நின்ற வடிவாம்பாள் இளைத்திருந்தாள். எழுதிய வார்த்தைகளில் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். அது வீறிட்டு அழுது, அவர் கையிலிருந்தபடியே சுடலையை நோக்கித் தாவியது. சுடலை மாட்டை அவிழ்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

"எப்போ வர்றே?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு தடவை வண்டிச் சத்தம் கேட்டப்பவும் உங்களைத்தான் தேடி ஓடிவந்தேன்" என்றாள் அவள். "இவன் உங்க கையில அழாம இருக்கிற அன்னிக்கு வர்றேன்."

மருதப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, அழும் பிள்ளையோடு உள்ளே போனார்.