பெட்டிக்கு வராத பாட்டு

"டீச்சர், சத்தம் வரமாட்டேங்கு" என்றார் இன்னாசி.

மார்ட்டினா அப்போதுதான் சர்ச்சின் பங்கு மண்டபத்துக்குள் நுழைந்திருந்தாள்.

இன்னாசி அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஐஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தலை நரைக்கிற வயதில் டிஜே போட வந்தவர். தொழில் படித்தது அவளிடம். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். ஊர் சிரித்துப் பார்த்தது, பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டது.

"என்னென்ன பாத்தீங்க?"

எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கேபிள்தான் முதல் திருடன் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால் ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் கன்ட்ரோலரையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேபிளை மாற்றினார். வேறு போர்ட்டில் சொருகினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினார். கன்ட்ரோலரில் விளக்கெல்லாம் கல்யாண வீடாக எரிந்தது. ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் ஊமையாக நின்றன.

"வேற லேப்டாப்?"

"என்னுதுல நல்லா கேக்கு. அந்தப் பாட்டு இதுலதான இருக்கு. காப்பி எடுக்கவும் விடமாட்டேங்கு."

அந்த லேப்டாப் தஸ்நேவிசுடையது. இன்னாசியும் அவனும் சேர்ந்து டிஜே போட்டவர்கள். தங்கச்சி ரெக்ஸலின் மணப்பெண்ணாக மண்டபத்துக்குள் நடந்து வரும்போது போடுவதற்கென்று அவனே ஒரு பாட்டைக் கலந்து வைத்திருந்தான். போன வருஷம் பைக் விபத்தில் செத்துப்போனான்.

இன்று சாயங்காலம் ரெக்ஸலினுக்கு வரவேற்பு. அண்ணன் பாட்டு கேட்காமல் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பீரோவில் பூட்டிக் கிடந்த லேப்டாப்பை அவன் அம்மா காலையில்தான் எடுத்துக் கொடுத்தாள்.

தொழில் போனால் ஐஸ் கம்பெனி இருக்கிறது. இந்தப் பாட்டு வராமல் போனால் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவது?

"வரலையாண்ணே, இல்ல உங்களுக்கு வரலையா?" என்றாள் மார்ட்டினா.

இன்னாசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குருமார்களின் இந்த மாதிரிப் பேச்சு, சாப்பிடாத வயிற்றோடு நிற்கிறவனுக்குப் பிடிப்பதில்லை.

"பாட்டைப் போடுங்க" என்றாள்.

போட்டார். திரையில் பச்சைக் கோடுகள் எழும்பி இறங்கின.

"சத்தம் போகுது. நல்லாவே போகுது."

"எங்க போகுது?"

"அதத்தான் நீங்க பாக்கல."

சத்தம் எந்தக் கருவிக்குப் போகவேண்டும் என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். மூன்று பெயர் இருந்தது. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர். கன்ட்ரோலர். மூன்றாவதில்தான் டிக் விழுந்திருந்தது.

தஸ்நேவிஸ் ஹெட்போன். இணைந்துள்ளது.

இன்னாசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வயர் இல்லாத சிவப்பு ஹெட்போன் அது. தஸ்நேவிஸ் தூங்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டான். சவப்பெட்டியை மூடும் முன்பு, அவன் அம்மா கேட்டுக்கொண்டபடி, அதை அவன் கழுத்தில் போட்டுவிட்டது இன்னாசிதான்.

மண்டபத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம்.

"அதுல சார்ஜ் இருக்காது டீச்சர். வருஷம் ஒண்ணாச்சு."

மார்ட்டினா அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரிப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். அது நிறைந்திருந்தது.

நல்ல மத்தியானம். வெயில் மண்டபத் தரை முழுக்கக் கிடந்தது. பூ கட்ட வந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

காலையிலிருந்து அந்தப் பாட்டை எத்தனையோ தடவை போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் சத்தம் வரவில்லை என்று பாதியில் நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கம் ஒருவன் ஒவ்வொரு தடவையும் பாதிப் பாட்டோடு காத்துக் கிடந்திருக்கிறான்.

"கன்ட்ரோலர் பேர அமுக்குங்கண்ணே. சத்தம் இங்க வந்துரும்."

விரலைக் கொண்டுபோனார். அமுக்க முடியவில்லை.

"அமுக்கினா அங்க நின்னுரும்லா."

அவள் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் தங்கச்சி கல்யாணம் டீச்சர். அவன விட்டுட்டு எப்படி?"

மார்ட்டினா எழுந்து பின்சுவரை நோக்கிப் போனாள். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. கல்லறைப் பக்கம் என்பதால் யாரும் திறப்பதில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாளோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். வெள்ளையடித்த சிலுவைகள் தெரிந்தன.

திரும்பி வந்து, மேடையில் வலது பக்கம் நின்ற ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்தாள். மேடைப் பலகை கீறத் தள்ளி, அதன் முகத்தை அந்த ஜன்னலுக்குத் திருப்பி வைத்தாள்.

கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள்.

இன்னாசியின் விரல் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

திரையில் தஸ்நேவிசின் பெயர் தானாக மறைந்தது.

இரண்டு பெட்டியிலும் பாட்டு வந்தது, பாதியிலிருந்து.