செண்பகராயரின் இடது கன்னம்

அரசர் செண்பகராயருக்கு நான்கு நாளாக வாய் எரிச்சல். ஒரு வாய் ரசம் உள்ளே போனால் கண்ணில் நீர் முட்டியது. அரண்மனை வைத்தியர் அவிநாசிப் பண்டிதர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "விஷம்" என்றார். வாயைப் பார்க்கவில்லை. அரசரை வாய் திறக்கச் சொல்லும் உரிமை அந்த நாட்டில் யாருக்கும் கிடையாது.

உடனே ஆணை தயாரானது. அரசரின் வாயைப் புண்ணாக்கியவனுக்கு மாலைக்குள் கழு. சமையற்காரன் சடையாண்டியைக் கட்டி இழுத்துவந்து சபையில் நிறுத்தினார்கள்.

"உப்புக்கூட அளந்துதான் போட்டேன் சாமி," என்று அழுதான்.

மந்திரி நாகப்பிள்ளைக்கு அவன் வைக்கும் கத்தரிக்காய்க் கூட்டு பிடிக்கும். அவன் கழுவில் ஏறுவதில் அவருக்குச் சம்மதமில்லை. எழுந்துபோய் அரசர் எதிரே நின்றார். நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார்.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் இன்னொன்று விட்டார். அது முடிவதற்குள் சேனாபதிக்கு வந்துவிட்டது. அடுத்து பண்டிதருக்கு. கடைசியில் அரசருக்கும்.

நாகப்பிள்ளை குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என் முன்னாலேயே கொட்டாவியா? கொழுப்பா ஓய்?" என்றார் அரசர்.

"மன்னிக்கணும் மகாராஜா. இடது கன்னத்துக்குள்ளே தோல் வெளுத்து உரிந்திருக்கிறது. சுற்றிலும் சிவப்பு. வலது கன்னத்தில் ஒன்றுமில்லை, நாக்கிலும் இல்லை. சோற்றில் கலந்த விஷம் இடப்பக்கம் மட்டும் போய் உட்காராது. வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்கிக்கொள்கிறீர்கள்?"

"இடப்பக்கம்."

"அப்படியானால் இது சுண்ணாம்பு பட்டு வெந்த புண். யார் தடவித் தருகிறார்கள்?"

"அந்த விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. நானே தடவிக்கொள்கிறேன்." அரசர் கொஞ்சம் யோசித்தார். "தாராளமாக."

நாகப்பிள்ளை ஆணையைக் கையில் எடுத்தார். "குற்றவாளியின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. என்ன எழுதட்டும்?"

அரசர் சன்னல் வழியாகக் கழுமரத்தைப் பார்த்தார்.

"முதலில் சடையாண்டியை அவிழ்த்துவிடுங்கள். ஆணையைக் கிழித்துப் போடும்."

"முத்திரை விழுந்துவிட்டது. கிழிக்க முடியாது. தண்டனையை வேண்டுமானால் மாற்றலாம்."

"மாற்றும், மாற்றும்."

நாகப்பிள்ளை எழுதிக்கொண்டே வாசித்தார். "குற்றவாளி மூன்று வேளையும் வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளித்து, புண்ணில் நெய் தடவ வேண்டும். காரமும் புளியும் கூடாது. பதினைந்து நாளில் ஆறாவிட்டால் வாயைத் திறந்து மறுபடி காட்ட வேண்டும். அதுவரை வெற்றிலை தொடக்கூடாது."

"ஒரு வெற்றிலைகூடவா?"

"பாதிகூடக் கிடையாது."

அரசர் மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பினார்.

"ஓய், கழுவே தேவலை போலிருக்கிறதே."